பட்டியலிட்ட நிறுவனம் எதை, யாருக்கு, எப்போது சொல்ல வேண்டும்? கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் கம்பெனி செக்ரட்டரியாக, அதாவது கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று பார்த்து அறிக்கைகளை அனுப்பும் அதிகாரியாக, வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. தாத்தா தொடங்கிய நூற்பாலையையோ பவுண்டரியையோ பங்குச் சந்தைக்குக் கொண்டுபோன குடும்பத்தின் அடுத்த தலைமுறை ஒன்று. அந்தக் கம்பெனியில் நூறோ இருநூறோ பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், விவசாயி, வங்கி ஊழியர் இன்னொன்று. இரண்டு தரப்பும் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விதிகளைப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி அடிக்கடி திருத்துகிறது. 2024 டிசம்பரில் வந்த பெரிய திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஐபிஓ (பொதுமக்களுக்கு முதல் பங்கு விற்பனை) முடிந்து பங்கு சந்தையில் ஏறிவிட்டது. அதோடு வேலை முடிந்ததுதானே?

இல்லை, அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. ஐபிஓ சமயத்தில் ஒரு தடவை எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறோம். அதற்குப் பிறகு, பங்கு சந்தையில் இருக்கும்வரை அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும்.

நம் ஊர் ஆட்களுக்கு இதை ஒரு சந்தையை வைத்துச் சொல்வேன். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது. அங்கே அது முறை. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் வேறு மாதிரி. மாதிரி மஞ்சள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கும், பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு வியாபாரியும் விலை போடுவார். பங்குச் சந்தை இந்த இரண்டாவது வகை. கம்பெனியைப் பற்றிய சேதி, கம்பெனியைத் தொடங்கிக் கையில் வைத்திருக்கும் புரமோட்டரின் மாமனாருக்குத் தெரியும் அதே நேரத்தில் பெருந்துறையில் ஐம்பது பங்கு வைத்திருப்பவருக்கும் தெரிய வேண்டும். கீழே நான் சொல்லும் தேதிகளும் படிவங்களும் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

எந்தச் சட்டம் இதைச் சொல்கிறது?

முக்கியமானது செபியின் 2015-ஆம் ஆண்டு பட்டியலிடல் கடமைகள் மற்றும் வெளிப்படுத்தல் ஒழுங்குமுறைகள். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக எல்ஓடிஆர் என்பார்கள். 2015 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு கம்பெனிக்கும் பங்குச் சந்தைக்கும் இடையே ஒப்பந்தம்தான் இருந்தது. இப்போது மீறினால் அது சட்ட மீறல். இதோடு 2013 கம்பெனிகள் சட்டம், 2015-ன் உள்தகவல் வர்த்தகத் தடை விதிகள், 2011-ன் கையகப்படுத்தல் விதிகள் ஆகியவையும் சேரும்.

கோயம்புத்தூருக்கென்று தனியாக ஒரு பங்குச் சந்தை இருந்ததைப் பெரியவர்கள் இன்னும் நினைவு வைத்துக் கேட்பார்கள். அது 2013-ல் செபி உத்தரவோடு தொழிலிலிருந்து விலகிவிட்டது. இப்போது மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை இரண்டுக்கும்தான் எல்லாத் தகவலும் இணையம் வழியாகப் போகிறது.

வருஷம் முழுக்க எந்தெந்தத் தேதியை நினைவில் வைக்க வேண்டும்?

காலாண்டு முடிந்த நாளிலிருந்து எண்ணுங்கள். 21 நாளுக்குள் யார் கையில் எவ்வளவு பங்கு என்ற பட்டியல். 30 நாளுக்குள் நிர்வாகம் பற்றிய அறிக்கை, முதலீட்டாளர் புகார்கள் எத்தனை வந்தன, எத்தனை தீர்ந்தன என்பது உட்பட. 45 நாளுக்குள் காலாண்டு ரிசல்ட், அதாவது லாப நஷ்டக் கணக்கு. மார்ச் 31-ல் முடியும் ஆண்டுக்கு மட்டும் தணிக்கை முடித்த முழுக் கணக்குக்காக 60 நாள், அதாவது மே 30 வரை.

ரிசல்ட்டுக்காகப் போர்டு, அதாவது இயக்குநர் குழு, கூடுவதைக் குறைந்தது இரண்டு வேலை நாளுக்கு முன்பே சந்தைக்குச் சொல்ல வேண்டும். போர்டு வருஷத்துக்கு நான்கு தடவையாவது கூட வேண்டும், இரண்டு கூட்டத்துக்கு நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள். வாக்கெடுப்பின் முடிவு அதன்பின் இரண்டு வேலை நாளில். ஆண்டறிக்கையைப் பங்குதாரருக்கு அனுப்பத் தொடங்கும் நாளுக்குள் சந்தைக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

நாள்காட்டியில் குறித்துவிட்டால் இந்தப் பகுதி சமாளிக்கக்கூடியதுதான். சிரமம் தேதி சொல்லாமல் வரும் விஷயங்களில் இருக்கிறது.

போர்டு கூட்டம் முடிந்து 30 நிமிஷம் என்கிறார்களே, நிஜமாகவே அவ்வளவுதானா?

நிஜம்தான். டிவிடெண்ட், ரிசல்ட், போனஸ் பங்கு, கம்பெனியே தன் பங்கைத் திரும்ப வாங்குதல், நிதி திரட்டுதல் போன்ற முடிவுகள் போர்டு கூட்டம் முடிந்த 30 நிமிஷத்துக்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். சந்தை நேரம் முடிந்த பிறகு கூட்டம் முடிந்தால் மூன்று மணி நேரம் உண்டு. இந்தச் சலுகை 2024 டிசம்பரில் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கம்பெனியில் நடந்தது. பெயர் வேண்டாம். கூட்டம் மதியம் ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. சேர்மன் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சாப்பிட்டுட்டு அனுப்பலாம், வாங்க கண்ணு" என்றார். பெரியவர் கூப்பிடுகிறார், எப்படி மறுப்பது என்று நானும் போனேன். இலையில் உட்கார்ந்து எழுந்து வந்து அனுப்பியபோது ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. சந்தையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அது என் தவறு. அந்த ஐம்பது நிமிஷமும் அந்த அறையில் இருந்த பன்னிரண்டு பேருக்கு லாபம் எவ்வளவு என்று தெரியும், வெளியே பங்கு வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்தது என்று சொல்லும் நேரத்தைக் குறித்து, அனுப்பிய ரசீது வரும்வரை யாரும் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

மில்லில் தீப்பிடித்துவிட்டது. அதையும் சொல்ல வேண்டுமா?

பஞ்சு குடோன் வைத்திருக்கும் எவருக்கும் இந்தப் பயம் இருக்கும். தீ, வெள்ளம், ஸ்ட்ரைக், கதவடைப்பு ஆகியவற்றால் வேலை தடைப்பட்டால், அதன் தாக்கம் பெரியது என்றால் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். பொதுவாக, கம்பெனிக்குள் பிறக்கும் சேதிக்கு 12 மணி நேரம், வெளியிலிருந்து வரும் சேதிக்கு 24 மணி நேரம்.

பெரியது எது என்பதற்கு 2023 ஜூலை முதல் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசித் தணிக்கைக் கணக்கின்படி விற்றுமுதலில் (மொத்த விற்பனையில்) 2 சதவீதம், நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மீதியில்) 2 சதவீதம், கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபம் அல்லது நஷ்டத்தில் 5 சதவீதம். மூன்றில் எது குறைவோ அதுதான் எல்லை.

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். விற்றுமுதல் 400 கோடி, நிகர மதிப்பு 150 கோடி, சராசரி லாபம் 12 கோடி. முதல் கணக்குப்படி 8 கோடி, இரண்டாவதுப்படி 3 கோடி, மூன்றாவதுப்படி 60 லட்சம். ஆக, 60 லட்சம்தான் எல்லை. "நானூறு கோடிக் கம்பெனிக்கு ஒரு கோடி நஷ்டம் ஒரு விஷயமா?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நூற்பாலைகளில் விற்றுமுதல் பெரியது, லாபம் மெலிந்தது. அதனால் நமக்கு எல்லை எப்போதும் கீழேயே வந்து நிற்கும்.

இன்சூரன்ஸ் பணம் வரும், அதனால் சொல்ல வேண்டியதில்லை என்பதும் சரியல்ல. தீ பற்றியதை முதலில் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதலாம். நஷ்டக் கணக்கு முழுதாகத் தெரிந்த பிறகு இன்னொரு கடிதம் போடலாம். முழு விவரமும் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் தீயணைப்பு வண்டியை வீடியோ எடுத்த பையன் ஊருக்கே அனுப்பியிருப்பான்.

ஒவ்வொரு ஏற்றுமதி ஆர்டரையும் அறிவிக்க வேண்டுமா?

வேண்டாம். திருப்பூரில் ஆர்டர் வருவதும் போவதும் அன்றாடம். வழக்கமான வியாபாரத்தில் சேராத பெரிய ஒப்பந்தம், அது கிடைப்பது, திருத்தப்படுவது, ரத்தாவது ஆகியவைதான் கணக்கு. ஆனால் ஒன்று கவனியுங்கள். கிடைத்த ஆர்டரைச் சந்தோஷமாக அறிவித்துவிட்டு அது ரத்தானபோது மௌனமாக இருப்பது தவறு. முதலில் சொன்னதில் மாற்றம் வந்தால் அதையும் தொடர்ந்து தெரிவிக்கும் கடமை விதியிலேயே இருக்கிறது.

என் மச்சான் மில்லிலிருந்து நூல் வாங்குகிறோம். அதில் என்ன தப்பு?

தப்பு எதுவும் இல்லை. முறையாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு நான் நிறைய நேரம் ஒதுக்குவேன். கொங்கு நாட்டுத் தொழில் வளர்ந்ததே பங்காளியும் மாமன் மச்சானும் கைகொடுத்துத்தான். ஒருவர் ஜின்னிங், அடுத்தவர் ஸ்பின்னிங், சம்பந்தி வீட்டில் நிட்டிங் என்று இருக்கும்.

யார் உறவு என்பதற்குச் சட்டத்தின் வரையறை நம் வழக்கத்தோடு ஒத்துப்போகாது. கம்பெனிகள் சட்டத்தின் உறவினர் பட்டியலில் கணவன் மனைவி, பெற்றோர், மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தவர்கள், கூட்டுக் குடும்பத்தார் இருக்கிறார்கள். மனைவியின் அண்ணன் தம்பி அதில் இல்லை. இதைப் பார்த்துவிட்டு, "மச்சான் பேர் லிஸ்ட்ல இல்லீங்க" என்று நிம்மதியாக வருவார்கள். ஆனால் எல்ஓடிஆர்-ல் புரமோட்டர் குழுவைச் சேர்ந்த எவரும் தொடர்புடைய தரப்புதான், அதாவது கம்பெனியோடு வியாபாரம் செய்தால் தனிக் கண்காணிப்புக்கு வரும் ஆள்தான். அந்தக் குழுவில் மனைவியின் பெற்றோர், மனைவியின் உடன்பிறந்தவர்கள் எல்லோரும் வருகிறார்கள். அவர்கள் 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருக்கும் கம்பெனியும் வருகிறது. ஆக, மனைவியின் தம்பி நடத்தும் மில் உள்ளே வந்துவிட்டது.

அக்காவின் கணவரையும் நாம் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறோம். அக்கா உள்ளே, அவர் கணவர் அந்த வரையறைப்படி தானாக வருவதில்லை. ஆனால் அவர் மில்லில் அக்காவுக்கு 20 சதவீதம் இருந்தால் மில் வந்துவிடும். சம்பந்தியும் பெரியப்பா மகனும் வரையறையில் தானாக வராதவர்கள். அதற்காக அவர்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். 2023 ஏப்ரல் முதல், வெளியாள் ஒருவரோடு செய்த வியாபாரமாக இருந்தாலும், அதன் நோக்கமும் விளைவும் தொடர்புடைய தரப்புக்கு நன்மை செய்வதுதான் என்றால் அதுவும் கணக்கில் சேரும்.

சரி, உள்ளே வந்துவிட்டது. அப்புறம் என்ன? வியாபாரத்துக்கு முன்பே, போர்டின் உட்குழுவான தணிக்கைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், குழுவிலும் புரமோட்டரோடு தொடர்பில்லாத சுயேச்சை இயக்குநர்கள் மட்டுமே அதை முடிவு செய்ய வேண்டும். நூல் போல மாதாமாதம் வாங்கும் சரக்குக்கு ஒரு வருஷத்துக்கு மொத்தமாக ஒப்புதல் வாங்கலாம். நம் பகுதியில் இருக்கும் அளவுள்ள கம்பெனிக்கு, ஒரு நிதியாண்டில் ஆண்டு விற்றுமுதலின் 10 சதவீதத்தைத் தாண்டினால் பங்குதாரர்களிடமும் போக வேண்டும். மேலே சொன்ன 400 கோடி மில்லுக்கு 40 கோடி. அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாகத் தொடர்புடைய தரப்பு எவரும் வாக்களிக்க முடியாது. குடும்பத்திடம் 75 சதவீதப் பங்கு இருந்தாலும் அன்றைக்கு முடிவு மீதி 25 சதவீதக்காரர்கள் கையில். பங்கு என்ற சொல்லிலிருந்துதானே பங்காளி, பங்குதாரர் இரண்டும் வருகின்றன? அந்த ஒரு நாளாவது இரண்டாமவரின் சொல் எடுபடுவது நியாயம் என்று நான் நம்புகிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ரிசல்ட் வெளியிடும் அன்றே, இந்த வியாபாரங்களின் பட்டியலையும் சந்தைக்குக் கொடுக்க வேண்டும்.

பாகப்பிரிவினை வீட்டு விஷயம். அதைப் போய் சந்தைக்குச் சொல்ல வேண்டுமா?

நிலம், வீடு, நகை பிரிப்பது உங்கள் வீட்டு விஷயம். கம்பெனியை யார் நடத்துவது, யாருக்கு எந்தப் பதவி, யார் பங்கை யாருக்கு விற்கக் கூடாது என்றெல்லாம் அந்த உடன்படிக்கையில் இருந்தால் அது ஆயிரக்கணக்கான பங்குதாரர்களின் விஷயமும்தான். நிர்வாகத்தையோ கட்டுப்பாட்டையோ தொடும் குடும்ப உடன்படிக்கையை வெளியிட வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது.

"கம்பெனி அதில் கையெழுத்தே போடலையே" என்பார்கள். 2023 ஜூலை 15 முதல் அந்த வாதமும் செல்லாது. புரமோட்டர்கள், பங்குதாரர்கள், இயக்குநர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தமாக இருந்தாலும், கையெழுத்திட்டவர்கள் இரண்டு வேலை நாளில் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும், கம்பெனி சந்தைக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்து வீட்டில் ஊர்ப் பெரியவர் முன்னிலையில் எழுதும் தாள் என்றாலும் விதி ஒன்றே. எழுதுவதற்கு முன்பே செக்ரட்டரியை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தை மாதம் மகள் கல்யாணம். கொஞ்சம் பங்கை விற்கலாமா?

புரமோட்டர், இயக்குநர், கணக்குப் பிரிவு போன்ற உள்விவரம் தெரிந்தவர்கள், அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தார் எல்லோருக்கும் இது பொருந்தும். காலாண்டு முடிந்த நாளிலிருந்து ரிசல்ட் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை டிரேடிங் விண்டோ மூடியிருக்கும். அதுவரை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

இப்போது நம் நாட்காட்டியைப் பாருங்கள். தை மாதம் ஜனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடிகிறது. டிசம்பர் காலாண்டு ரிசல்ட் பிப்ரவரி 14 வரை வரலாம். கொங்கில் கல்யாணங்கள் குவியும் தை மாதம் பெரும்பாலும் மூடிய விண்டோவுக்குள்தான் விழுகிறது. அதனால் முகூர்த்தம் குறித்த உடனேயே என்னிடம் வரச் சொல்வேன். செப்டம்பர் காலாண்டு ரிசல்ட் நவம்பர் நடுவுக்குள் வந்துவிடும், அதற்கு 48 மணி நேரம் கழித்து டிசம்பர் 31 வரை வழி திறந்திருக்கும். அப்போதும் வெளியாகாத முக்கியச் சேதி எதுவும் கையில் இருக்கக் கூடாது. கம்பெனியின் நடத்தை விதியில் உள்ள எல்லையைத் தாண்டினால் முன்அனுமதியும் வேண்டும்.

நேரம் தவறிவிட்டதா? வங்கியில் பங்கை அடமானம் வைத்துக் கடன் வாங்க, செக்ரட்டரியின் முன்அனுமதியோடு, மூடிய காலத்திலும் இடமிருக்கிறது. புரமோட்டர் அடமானம் வைத்தால் அதுவும் சந்தைக்குத் தெரிந்தாக வேண்டும். இன்னொன்று, விற்ற ஆறு மாதத்துக்குள் அதே பங்கைத் திரும்ப வாங்கக் கூடாது. ஒரு காலாண்டில் வாங்கியதும் விற்றதும் சேர்ந்து 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இரண்டு வர்த்தக நாளில் கம்பெனிக்குத் தெரிய வேண்டும் என்பது விதி.

கல்யாண மண்டபத்தில் சும்மா பேசிக்கொண்டதற்குக்கூடவா தண்டனை?

பேசியது எதைப் பற்றி என்பதுதான் கேள்வி. "இந்த வருஷம் பஞ்சு விலை படுத்துது" என்பது ஊருக்கே தெரிந்தது. "போனஸ் பங்கு கொடுக்கப் போறோம், அடுத்த வாரம் சொல்லுவோம்" என்பது பங்கு விலையை மாற்றக்கூடிய, இன்னும் வெளியாகாத சேதி. அதைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளை ஆயிரம் பங்கு வாங்கினால் சொன்னவர், வாங்கியவர் இருவருமே மாட்டுவார்கள். அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய். அதிகபட்சம் 25 கோடி அல்லது கிடைத்த லாபத்தின் மூன்று மடங்கு, எது அதிகமோ அது.

தொழிலுக்காகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று வரும். ஆடிட்டர், வக்கீல், வங்கி. அப்போது யாரிடம், எந்தச் சேதி, எந்த நேரம் சொன்னோம் என்று பெயரும் பான் எண்ணும் போட்டு, பிறகு திருத்த முடியாத டிஜிட்டல் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எட்டு வருஷம் அதை வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ரிசல்ட் டிராஃப்டை அனுப்பிவிட்டு அழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதைத்தான்: அனுப்பாதீர்கள்.

போர்டில் குடும்பத்தாரே இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் அவர்கள் மட்டும் போதாது. சேர்மன் புரமோட்டர் தரப்பு என்றால் போர்டில் பாதிப்பேர் சுயேச்சை இயக்குநர்களாக இருக்க வேண்டும். தணிக்கைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள். ஒரு பெண் இயக்குநராவது வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகளில் ஒன்று என்றால் அந்தப் பெண் சுயேச்சையானவராகவும் இருக்க வேண்டும், மருமகளை நியமித்தால் கணக்காகாது.

நிர்வாக இயக்குநருக்கு 70 வயதும், நிர்வாகப் பொறுப்பு இல்லாத இயக்குநருக்கு 75 வயதும் தாண்டினால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எண்பதிலும் காலை ஆறு மணிக்கு மில்லைச் சுற்றிவரும் பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தாராளமாகத் தொடரலாம். பங்குதாரர்களிடம் கேட்டுவிட்டுத் தொடர வேண்டும், அவ்வளவே.

நாங்கள் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்எம்இ சந்தையில் பட்டியலிட்டவர்கள். எங்களுக்குமா இவ்வளவும்?

இவ்வளவும் இல்லை. ரிசல்ட் அரையாண்டுக்கு ஒரு தடவை, 45 நாளுக்குள், ஆண்டுக் கணக்குக்கு மட்டும் மேலே சொன்ன 60 நாள். போர்டு அமைப்பு, நிர்வாக அறிக்கை போன்ற பலவற்றில் விலக்கு உண்டு. பிரதான சந்தையில் இருந்தாலும், செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடியையும் நிகர மதிப்பு 25 கோடியையும் தாண்டாத கம்பெனிக்குப் போர்டு அமைப்பு, நிர்வாக அறிக்கை போன்றவற்றில் இதே மாதிரி விலக்கு இருக்கிறது. ஆனால் முக்கிய நிகழ்வுகளை உடனே சொல்லும் கடமையிலும் உள்தகவல் வர்த்தகத் தடையிலும் யாருக்கும் விலக்கு இல்லை.

தாமதமானால் அபராதம் எவ்வளவு?

ரிசல்ட் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். பங்குதாரர் பட்டியலுக்கு நாளொன்றுக்கு 2,000. தகுதியுள்ள கம்பெனி செக்ரட்டரி இல்லாமல் நடத்தினால் நாளொன்றுக்கு 1,000. காலியான அந்த இடத்தை மூன்று மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். தொகையைப் பார்த்து, கட்டிவிட்டால் போயிற்று என்று சொன்னவர்கள் உண்டு. தொடர்ந்து இரண்டு காலாண்டு தவறினால் பங்கு, விதி மீறிய கம்பெனிகளுக்கான இசட் பிரிவுக்குப் போகும், புரமோட்டர்கள் பங்கை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்கு முடங்கும், வர்த்தகமே நிறுத்தப்படலாம். அப்போது கஷ்டப்படுவது பங்கை விற்க முடியாமல் நிற்கும் சிறு பங்குதாரர். தகவலை மறைத்ததாக செபி தனியாக நடவடிக்கை எடுத்தால் அபராதம் ஒரு கோடி வரை போகும்.

நான் சாதாரணப் பங்குதாரர். இத்தனை அறிக்கையில் எதைப் பார்ப்பது?

லாப எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் வேறு சிலவற்றைப் பாருங்கள். ஆடிட்டர் பதவிக் காலம் முடியும் முன்பே விலகினாரா? விலகல் கடிதத்தைக் காரணத்தோடு 24 மணி நேரத்தில் வெளியிட்டிருக்க வேண்டும், அதைத் தேடிப் படியுங்கள். சுயேச்சை இயக்குநர் விலகினால் காரணம் ஏழு நாளுக்குள் வரும். புரமோட்டரின் அடமானப் பங்கு காலாண்டுக்குக் காலாண்டு ஏறுகிறதா? தொடர்புடைய தரப்புக்குக் கொடுத்த கடன் வளர்கிறதா? நிதி அதிகாரி அடிக்கடி மாறுகிறாரா?

கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை நினைத்துப் பாருங்கள். 2020 நவம்பர் 17-ல் பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது, 27-ல் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது, பங்கு முதலீடு முழுவதும் ரத்தாகிப் பூஜ்யமானது. தலைமுறையாக அந்தப் பங்கை வைத்திருந்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் நிறைய. பலருக்கும் அது ஒரே இரவில் நடந்ததாகத் தோன்றியது. ஆனால் தொடர்ந்து வந்த நஷ்ட ரிசல்ட்கள், 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்த திருத்த நடவடிக்கைக் கட்டுப்பாடுகள், 2020 செப்டம்பர் 25 பொதுக்கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்களே வாக்களித்து நிராகரித்தது எல்லாம் அதற்கு முன்பே சந்தைத் தளத்தில் இருந்தன. படித்திருந்தால் எல்லோரும் தப்பித்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். படிக்கும் பழக்கம் இருந்திருந்தால் சிலராவது முதலீட்டைப் பிரித்து வைத்திருப்பார்கள்.

எனக்கு இங்கிலீஷும் இணையமும் பழக்கமில்லை. தமிழில் எங்கே கிடைக்கும்?

ரிசல்ட்டை ஓர் ஆங்கில நாளிதழிலும், பதிவு அலுவலகம் இருக்கும் பகுதியின் மொழியில் வரும் நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் செய்ய வேண்டும். பதிவு அலுவலகம் கோவையிலோ ஈரோட்டிலோ இருந்தால் அது தமிழ் நாளிதழ். இப்போது முழு அட்டவணை போடாமல் கியூஆர் கோடு மட்டும் போட்டாலும் போதும் என்று ஆகிவிட்டது. செலவு குறைகிறது, உண்மைதான். ஆனால் பேப்பரில் அந்தக் கட்டத்தைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டிவைக்கும் பெரியவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் பார்க்கும் கம்பெனிகளில் முக்கியமான நான்கைந்து வரிகளையாவது தமிழில் போடச் சொல்லிக் கேட்கிறேன், சிலர் கேட்டுக்கொள்கிறார்கள்.

அப்பாரு பெயரில் பீரோவில் பழைய பேப்பர் பங்குகள் இருக்கின்றன. செல்லுமா?

மதிப்பு செத்துப்போகாது, ஆனால் சும்மா வைத்திருந்தால் சிக்கல். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கைக் காகிதமாகவே வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது, டிமேட்டுக்கு வர வேண்டும். ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்டை வாங்காமல் விட்டிருந்தால் அந்தப் பணமும் பங்கும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். போனாலும் உரிமை போகாது, வாரிசுகள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம்.

முதலில் அந்தத் தாளில் இருக்கும் ஃபோலியோ எண்ணைக் குறித்துக்கொண்டு, கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு எழுதுங்கள். கம்பெனி பெயர் மாறியிருக்கலாம், இணைந்திருக்கலாம், அதையும் விசாரியுங்கள். கேட்கப்படாத டிவிடெண்ட் யார் யாருக்கு இருக்கிறது என்ற பட்டியலைக் கம்பெனி தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும். பேரப்பிள்ளைகளை விட்டு அப்பாரு பெயரைத் தேடச் சொல்லுங்கள். பெயரின் முன்னெழுத்து, ஊர்ப்பெயர் பிழையாக இருக்கலாம், அதனால் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எழுதிக் கேட்டும் கம்பெனி பதில் தரவில்லை என்றால்?

முதல் கடிதம் கம்பெனியின் செக்ரட்டரிக்கு. மின்னஞ்சல் முகவரி கம்பெனி இணையதளத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பதில் இல்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியுங்கள், கட்டணம் இல்லை. 21 நாளுக்குள் கம்பெனி நடவடிக்கை எடுத்து அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இணையவழிச் சமரசத் தளம் இருக்கிறது. புகாரில் கோபத்தைக் கொட்டாமல் ஃபோலியோ எண், தேதி, அனுப்பிய கடிதத்தின் நகல் மூன்றையும் இணைத்து நான்கு வரியில் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும்.